செலிந்தா வீட்டுக் கம்பிகள்

1
இந்தக் கதை எனக்கு மூன்றாம் வகுப்பில் கிடைத்தது. படிக்கப் போனபோது அல்ல. நான் எழுத்துக் கூட்டியதே நாற்பத்தாறு வயதில், கொத்து வேலை முடிந்து நான் போன சாயங்கால வகுப்பில். இது, பிள்ளைகளுக்குச் செங்கல் அடுக்கிக் காட்ட யோலா டீச்சர் என்னைக் கூப்பிட்ட அன்று.

முதல் வரி: ‘கோச்சபாம்பாவின் வானம் நீலமாக’— வேண்டாம். அன்று எங்கள் ஊரில் வானத்தைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

2
அலாசிடா நாள். வேண்டியதைக் குட்டியாக வைத்து உச்சி வேளையில் புகை காட்டினால், வருஷத்துக்குள் அது பெரிதாக வந்து சேரும். எல்லாரும் சந்தையில் வாங்குவார்கள். டீச்சர் விடவில்லை.

"கடையில வாங்குனா கடைக்காரன் ஆசைதான் பலிக்கும். கையால செய்யுங்க."

மேசையெல்லாம் களிமண். ரூபேன் அட்டையில் லாரி செய்தான். செலிந்தா தீப்பெட்டியை அச்சாக்கிச் செங்கல் அறுத்து வீடு கட்டினாள். மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் மாற்றி அடுக்கினாள். (நான் சொல்லிக்கொடுத்ததாக முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவளே கண்டுபிடித்தாள்.) பிறகு என் கட்டுக்கம்பியை வெட்டி நான்கு மூலையிலும் நட்டாள். கூரைக்கு மேல் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றன.

"ஏய், உன் வீட்டுக்கு முடி வெட்டி விடுடி!" என்றான் ரூபேன்.

"உன் லாரிக்கு மூணு சக்கரந்தான். போய் எண்ணிப் பாரு."

3
டீச்சர், "கம்பிய வெட்டிடும்மா. அரைகுறையாப் புகை காட்டுனா அரைகுறையாத்தான் கிடைக்கும்," என்றார்.

(பொய். சொன்னது நான். உங்களுக்கு என்மேல் வெறுப்பு வரக் கூடாதென்று டீச்சர் வாயில் வைத்தேன். கட்டிங் பிளேயரை நீட்டியதும் நான்தான்.)

செலிந்தா வீட்டை இரண்டு கையாலும் மறைத்தாள்.

"வெட்டுனா மாடி எப்படி எழும்பும், மேஸ்திரி?"

"யாரு கட்டப்போறா மாடிய?"

"அப்பா. சிலியில திராட்சை பறிக்கிறாரு. மாடி பாக்கி இருந்தாத்தானே வருவாரு? வேல முடிஞ்ச வீட்டுக்கு அவரு எதுக்கு வரணும்?"

ரூபேன் கூடச் சிரிக்கவில்லை. பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம்.

"தோன் தெயோ, கொத்தனாரு நீங்கதான். சொல்லுங்க," என்றார் டீச்சர் என்னிடம். "இது முடிஞ்ச வீடா?"

குனிந்து பார்த்தேன். [இந்த இடத்தில் மனசைப் பற்றி ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அப்போது நான் பார்த்தது வீட்டைத்தான்.]

"முடிஞ்சுது. ஆனா அந்த ஒரு கம்பி சாஞ்சிருக்கு. நிமித்தட்டுமா?"

"நீங்க தொட வேணாம். நானே நிமித்துறேன்."

மணி அடித்தது. டீச்சர் புகைச்சட்டியோடு வரிசையாக வந்தார். செலிந்தா வீட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். நான்கு கம்பியும் நேராக நின்றன.

4
முடிவு. ‘பறிப்பு முடிந்ததும் அப்பா வந்தார்’ என்று எழுதினேன். எனக்குத் தெரியாது. ‘வரவில்லை’ என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டேன்.

அந்தக் கம்பிக்கு எங்கள் ஊரில் நம்பிக்கைக் கம்பி என்று பேர். என் மொட்டைமாடியிலும் நிற்கின்றன, மகன் பிரேசிலுக்குப் போனதிலிருந்து பதினோரு வருடமாக. அந்த வாரம்தான் அவற்றை அறுத்துப் பழைய இரும்புக்குப் போட இருந்தேன். அவன் வராத எரிச்சலைத்தான் குழந்தையிடம் நீட்டியிருக்கிறேன்.

இன்று ஞாயிறு. கம்பிகளின் துருவைத் தேய்த்துவிட்டுச் சிமென்ட் பால் பூச வேண்டும், மேலே போகிறேன். செலிந்தாவின் அப்பா கதையை நீங்கள் எழுதுங்கள். எழுதும்போது மாடிப்படிக்கு இடம் விட மறந்துவிடாதீர்கள்.