ஒரு விசில் கூடுதல்

“ரெஸ்க்யூ போட்ட இறக்குங்க சார்” என்றேன்.

எண்ணிக்கை சரியான பிறகு இதைக் கேட்கவே கூடாது என்று இந்தப் பாய்மரப் படகு கிளப்பில் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லியிருந்தார்கள். எண்ணிக்கை குறைந்தால் யாரும் கேட்க வேண்டியதில்லை, அவர்களே இறக்குவார்கள். சரியாக இருந்தால் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஆராவமுதன் சார் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். கிளப்பின் கேப்டன். தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்து சர்க்கார் பதவிகளில் இருந்த குடும்பம். நான் கேட்டதும் பாதி பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

“யசோதா, எத்தனை போட் போச்சு?”

“ஏழு.”

“எத்தனை விசில் வந்தது?”

“ஏழு.”

“அப்புறம் என்ன? டாலி ஆயிடுத்தோன்னோ.”

“அதான் சார் பயமா இருக்கு.”

என் பெயர் யசோதரா. வெல்டிங் பட்டறையில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட என் அப்பா, பௌத்தம் தழுவிய வருடத்தில் யோசித்து யோசித்து வைத்த பெயர். இரண்டு வருடமாக இவர்களுக்கு அதை முழுதாகச் சொல்ல நேரமில்லை. ஜீவனஹள்ளியில் எங்கள் சந்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாரநாட்களில் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு கம்பெனி கேப்பில் போகிறவள். இங்கே ஞாயிற்றுக்கிழமை வாலண்டியர்.

இந்த கிளப்பில் விசில்தான் கணக்கு. நகரத்துக்கு வெளியே இருக்கும் இந்த ஏரி பார்க்கச் சாதுவாக இருக்கும். சாயங்காலம் திடீரென்று வானம் கறுத்தால் கொஞ்ச நேரத்தில் எதிர்க்கரையே காணாமல் போய்விடும். அப்போது படகில் இருப்பவர்கள் கிளப்புக்குத் திரும்பப் பார்க்கக் கூடாது. எந்தக் கரை பக்கமோ அங்கே ஒதுங்கிப் படகை மேலே இழுத்துப் போட்டுவிட வேண்டும். கரை டியூட்டியில் இருக்கிறவர் படித்துறையில் நின்று நீளமாக ஒரு விசில் ஊதுவார். கரையேறினவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பி ஊத வேண்டும். மழையில் ஆள் தெரியாது, பாய் தெரியாது, சத்தம் மட்டும் வரும். படகும் பதிலும் ஒத்துப்போனால் எல்லோரும் பத்திரம்.

கோடையில் ஏரி சுருங்கும்போது படகுகளைக் கவிழ்த்துப் பழைய டயர்கள்மேல் வைத்து அடிப்பாசியைச் சுரண்டுவோம். விரிசலுக்கு ஃபைபர் ஒட்டுவோம், பாய்களைத் துவைத்து வேலியில் காயப்போடுவோம். ஜூனில் தென்மேற்குக் காற்று எழுந்ததும் மெம்பர்கள் வெள்ளைத் தொப்பியோடு வருவார்கள். இது கம்யூனிட்டி கிளப், எல்லோரும் எல்லா வேலையும் பகிர்ந்துகொள்வோம் என்று சுவரில் பெயின்ட் அடித்திருக்கிறது. பகிர்வு நன்றாகத்தான் நடக்கிறது. அவர்கள் ஓட்டுவார்கள், நாங்கள் கழுவுவோம். கரை டியூட்டி செய்தால் ஓட்டக் கற்றுத்தருவார்கள் என்று நம்பிச் சேர்ந்தவள் நான். இரண்டு சீசனாக ரெஸ்க்யூ போட்டின் எஞ்சினை டிரம் தண்ணீரில் ஓடவிட்டுச் சேறு கழுவுவதுதான் என் படிப்பு.

கிளெமென்டும் என்னைப்போல வாலண்டியர். பிரேசர் டவுன்காரன், பிழைப்புக்கு ஏசி மெக்கானிக். “இன்னா கிராஜுவேட்டு, பாசி சொரண்ட பி.காம் போதுமா, எம்.காம் வோணுமா?” என்பான். போன சீசன் கடைசிப் பந்தயத்தன்று, மிதவைகளைத் திரும்ப எடுத்துவர ரப்பர் படகில் போனவன் அவன்தான். எனக்கு அன்று ஆபீஸ் ஷிஃப்ட். காற்று கெட்டது, மழை பிடித்தது, கரையிலிருந்து விசில் ஊதினார்கள். பதில்கள் சரியாக இருந்ததாம். கேட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் எதிர்க்கரைப் பக்கம் ஆகாயத்தாமரைக்குள்ளிருந்து கிளெமென்டை எடுத்தார்கள். அவன் பதில் ஊதினான், ஆகவே கரையேறிவிட்டான், அதற்கப்புறம் விட்டுப்போன மிதவைக்காகத் தானாகவே தண்ணீரில் இறங்கியிருக்கிறான் என்று விசாரிக்க வந்தவர்களிடம் கிளப் சொன்னது. கிளெமென்டின் அக்கா கேட்டுக்கு வெளியே நின்று, “என் தம்பி அவ்ளோ முட்டாளாடா?” என்று கத்தினாள். யாரும் வெளியே வரவில்லை. சாவுக்கும் அவனையே பொறுப்பாக்கிவிட்டு டிசம்பரில் ஆண்டுவிழா கொண்டாடினார்கள். கேக்கும் வெட்டினார்கள்.

இந்த சீசனில் காற்று கெட்ட முதல் நாள், போன படகுகளைவிட ஒரு பதில் அதிகமாக வந்தது.

டியூட்டியில் நான்தான் இருந்தேன். எல்லோரும் ஊதி முடித்து, நான் திரும்பி நடக்கத் தொடங்கியதற்கப்புறம், ஆகாயத்தாமரைப் பக்கமிருந்து ஒன்று. கிளப் கொடுக்கும் பிளாஸ்டிக் விசிலுக்குள் உருண்டை கிடையாது. எவ்வளவு நனைந்தாலும் ஒரே கீச்சுதான். இது கரகரத்தது. உள்ளே தக்கை உருண்டை உள்ள இரும்பு விசில், பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் கழுத்தில் தொங்குமே அந்த ஜாதி, ஈரமானால் தொண்டை கட்டினாற்போல வருமே, அப்படி. கிளப்பில் அதை வைத்திருந்தவன் ஒருத்தன்தான். உள்ளே வந்து சொன்னேன். “எக்கோ” என்றார் ஆராவமுதன் சார். அடுத்த மழையிலும் எக்கோ வந்தது. அதற்கடுத்ததிலும். பிறகு யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஒரு புதுவழக்கம் உண்டாகிவிட்டது. கடைசியாக வருவதை எண்ணக் கூடாது, அதைப்பற்றிப் பேசவும் கூடாது. படித்தவர்கள், வெளிநாடெல்லாம் போய்வந்தவர்கள், காதில் விழுந்ததை விழாத மாதிரி ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள்.

இன்றைக்கும் நான்தான் ஊதினேன். ஒவ்வொன்றாக வந்தது. ஆறாவதுக்குப் பிறகு மழை மட்டும்தான். காத்திருந்தேன். அப்புறம் ஏழாவது. எப்போதும் தூரத்திலிருந்து வருவது, இன்று என் காலுக்குக் கீழே, படித்துறைப் பலகைக்கு அடியிலிருந்து கரகரத்தது. நான் குனிந்து பார்க்கவில்லை. தைரியம் இல்லை. ஓடிவந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. கழிக்க வேண்டியதைக் கழித்தால் ஆறு. உயிரோடு இருக்கிற ஒருவர் பதில் சொல்லவில்லை.

“ஏழாவது அவனோடது சார்” என்றேன். “நிஜமான பதில் ஆறுதான். ஒருத்தர் தண்ணில கீறாங்க.”

கோபம் வந்தால் என் தமிழ் ஜீவனஹள்ளிக்குப் போய்விடும். மூலையில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த கண்ணா நிமிர்ந்தான். சாரின் தம்பி மகன், என் வயதுதான், இன்று அவன் படகு இறக்கவில்லை.

“அவன் பேச்சை எடுக்காதே” என்றார் சார். “ஃபோன் பண்ணிப் பார். ரோட்டுல நடந்துண்டிருப்பா.”

பண்ணினேன். ஐந்து பேர் எங்கெங்கோ ஒதுங்கி நின்று, மழையில் கத்திக் கத்திப் பேசினார்கள். சுஹாஸும் வீணாவும் எடுக்கவில்லை. சுஹாஸ் எப்போதுமே எடுக்க மாட்டான். வீணா இந்த சீசனில்தான் தனியாகப் படகு எடுக்கத் தொடங்கியவள், பேங்க்கில் வேலை. மெம்பர்களில் என்னோடு உட்கார்ந்து பாசி சுரண்டியவள் அவள் ஒருத்திதான். நகப்பூச்சு போயிற்று என்று சிரித்தாள். அவள் ஃபோன் முழுதாக அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தேன்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு சுஹாஸ் வந்தான், முழங்கால்வரை சேறு. “அய்யோ தேவ்ரே, என்னா மழே!” என்றவன் எங்கள் முகங்களைப் பார்த்து, “ஏன், என்ன ஆச்சு?” என்றான்.

“வீணாவப் பாத்தீங்களா?”

“பர்த்தாரெ, வருவாங்க. எனக்குப் பின்னாலயேதான் இருந்தாங்க. நான் எதிர்க்கரைல போட்ட இழுத்துப் போட்டுட்டு ஊதினேனா, அவுங்களும் முதுகுக்குப் பின்னால ஊதினாங்க. தொண்டை கட்டின மாதிரி வந்துச்சு. ‘ஏன்ரீ, விசில்ல தண்ணி புகுந்துச்சா’ன்னு கேட்டுத் திரும்பினேன்…”

“திரும்பினீங்க?”

“இருட்டா இருந்துச்சு” என்றான். “ஆள் தெரியல.”

“எதிர்க்கரைலயா? எனக்குப் படித்துறைக்கு அடியில கேட்டுச்சே.”

“ரெண்டு பேரும் உளறாதீங்கோ” என்றார் ஆராவமுதன் சார். “அது இந்த ஜன்னலுக்குப் பக்கத்துலன்னா கேட்டது…”

சொல்லிவிட்டு அவரே ஜன்னலைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வெளியே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதை அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. அவர் டீ கப்பைத் தள்ளிவைத்து, கேப்டன் குரலை வரவழைத்துக்கொண்டார்.

“மின்னல் வெட்டறது. திறந்த ஏரியில இப்ப ஒரு ஆளை அனுப்பினா நாளைக்கு ரெண்டு பேரைத் தேடணும். ரூல் இருக்கு. இடி நின்னு அரை மணி ஆகட்டும், நானே எறக்கறேன்.”

அவர் சொன்னது முழுப்பொய் இல்லை. மின்னல் நிஜம்தான். தாழ்வாரக் கூரையில் தொங்கிய தகரம் ஒவ்வொரு இடிக்கும் அதிர்ந்தது. ஆனால் லைஃப் ஜாக்கெட் போட்ட ஒரு பெண் ஆகாயத்தாமரை வேர்களில் கால் சிக்கி மழையில் அரை மணி கிடப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. சுஹாஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் செருப்பைக் கழற்றித் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தேன். அதை நானே அப்போதுதான் கவனித்தேன்.

“அரை மணில அவங்க இன்னா ஆவாங்க சார்?”

“டாலி சரியா இருக்கு. ரெக்கார்டுல ஏழுதான்.”

“இன்னிக்கு டாலி தப்புன்னா, போன வருசமும் தப்புன்னு ஆயிடும். அதான உங்க கஷ்டம்? மின்னலாம், மண்ணாங்கட்டியாம்.”

“மரியாதையாப் பேசு.”

“மரியாதயாத்தான் சார் கேக்கறேன். ஒருத்தன செத்தப்புறமும் பொய்யனாக்கினீங்க. இன்னொருத்திய செத்துட்டு வான்றீங்க.”

“பெரியப்பா” என்றான் கண்ணா.

துண்டு அவன் கையிலேயே இருந்தது. அதை மடிக்கத் தொடங்கினான், சரியாக வரவில்லை, திரும்ப மடித்தான்.

“அன்னிக்கு ரெண்டு தரம் ஊதினது நான்தான்.”

மடித்த துண்டை மேஜைமேல் வைத்தான்.

“ஒரு பதில் குறைஞ்சுது. எல்லாரும் நனைஞ்சுண்டிருந்தா. கிளெமென்ட் எங்கயாவது மரத்தடியில பீடி பிடிச்சுண்டிருப்பான்னு நினைச்சேன். அவனுக்காக ஊதிட்டேன். அவ்வளவுதான். சும்மா, எல்லாரும் ஆத்துக்குப் போகட்டும்னு…”

சார் அதிர்ச்சியடைவார் என்று நான் எதிர்பார்த்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொள்வார், அவனை அடிப்பார், ஏதாவது. அவர் கப்பிலிருந்த பிஸ்கட் கூழை ஸ்பூனால் ஒதுக்கினார்.

“தெரியும்டா” என்றார். “சின்னப் பையனா இருந்தப்பலேர்ந்து கேக்கறேன். உன் ஊதல் எனக்குத் தெரியாதா?”

சுஹாஸ் சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தான். கண்ணா அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். சொன்னால் நிம்மதி வரும் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பான் போல. வந்தது வேறு ஏதோ. இந்த மனிதருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேக் வெட்டினார், தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு மழையிலும் எக்கோ என்றார். அவருக்குப் பேயைப் பார்த்துப் பயமில்லை. கணக்குக் கலைந்தால்தான் பயம். என் பயம்கூட அந்த நொடியில் வெட்கப்பட்டு விலகியது.

அவர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் ரெஸ்க்யூ போட்டின் சிவப்புச் சுருள் கயிறு தொங்கியது. அதை மாட்டாமல் எஞ்சின் ஓடாது. நான் அவரைச் சுற்றிக்கொண்டு போய் அதை எடுத்தேன்.

“அதை எடுத்துண்டு வெளியில போனா, திரும்ப இந்த கேட்டுக்குள்ள வர முடியாது. புரியறதா யசோதா?”

“யசோதரா” என்றேன். “வர மாட்டேன்.”

கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யார் எழுந்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை. மழை முகத்தில் அறைந்தது. படித்துறைப் பலகைகள் வெறுங்காலுக்குக் கீழே வழுக்கின. மின்னல் ஒருமுறை ஏரி முழுவதையும் வெள்ளையாகக் காட்டி அணைந்தது.

ரெஸ்க்யூ போட் படித்துறை முனையில் கட்டியிருந்தது. ஆளில்லாதபோது எஞ்சின் கனத்துக்கு அதன் பின்பக்கம் அமுங்கும், மூக்கு தூக்கி நிற்கும். எப்போதும் அப்படித்தான் நிற்கும். இப்போது அது சமமாக மிதந்தது, முன்பலகையில் யாரோ ஏற்கெனவே உட்கார்ந்து பின்பக்கத்துக்கு இன்னொரு ஆள் வரக் காத்திருப்பதுபோல. அலை வந்து மோதியபோதுகூட அந்த மூக்கு மேலே எழவில்லை. முன்பலகைமேல் மட்டும் மழை விழும் சத்தம் வேறாகக் கேட்டது.

நான் நடையை நிறுத்தவில்லை.