மாதாவின் இடது கால்

அருமைநாதன் காவல் பார்த்த கோட்டைவீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். பிரான்சிலிருந்து வந்த வைன் வியாபாரி ஒருவர், ஊரில் தான் பார்த்து ஏங்கிய பிரபுவின் கோட்டையை அச்சு மாறாமல் புவாண்ட்-கிளேர் ஏரிக்கரையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கூம்புக் கூரை, குதிரை லாயம், சிற்றாலயம் எல்லாம் இப்போது பாதுகாக்கப்பட்ட மரபுச்சொத்து. போன வருடம் ஒரு யன்னல் கண்ணாடி உடைந்தது. மாற்றுவதற்கு அனுமதி வர எட்டு மாதம். அதுவரை ஓட்டையை மறைத்த மட்டைக்கும் தனியாக ஓர் அனுமதி.

2006 ஓகஸ்ட் பதினாலாம் தேதி காலை பத்து மணிக்குப் பரிசோதகர் வருவதாக இருந்தது. ஒன்பது மணிக்குச் சிற்றாலயத்தைக் கூட்டப் போன அருமைநாதன் வாசலிலேயே நின்றுவிட்டார். கரும்பச்சையாக இருந்த வெண்கல மாதா, கடையில் வாங்கிய புதுக்குடம் போலப் பளபளத்தார். பக்கத்தில் அவர் மனைவி அக்னெஸ், கையில் புளிச்சக்கையோடு.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்?"

"நாளைக்குத் திருநாள். வீட்டு மெழுகுதிரித் தண்டுகளை மினுக்கிப்போட்டு மாதாவைக் கறுப்பா விடுறதோ?"

"அந்தக் கறுப்புத்தான் சரித்திரம். நூற்றிமுப்பது வருசக் களிம்பு. தொடக்கூடாதெண்டு சட்டம்."

"ஊத்தைக்கும் சட்டமோ?"

"வேலை போனால் நாங்கள் இருக்கிற வாசல் வீடும் போகும். உம்மட புளிப்பானையோட நாங்கள் ரோட்டிலதான்."

அக்னெஸ் முகம் வாடிப்போய் வாளியைக் கழுவப் போனாள். அருமைநாதன் ஒரு செபம் சொன்னார். பிறகு, செபத்தின் பலனுக்குக் காத்திராமல், வீட்டுக்கு ஓடிக் கறுத்தச் சப்பாத்து மையை எடுத்து வந்தார். நம்மில் பலர் செய்வதுதான் இது.

இடது காலை மட்டும் பூசி முடித்திருந்தார். திரும்பி வந்த அக்னெஸ் பார்த்துவிட்டாள்.

"கடவுளே, மாதாவுக்குச் சப்பாத்து மையோ? பொய் சொல்லுறதெண்டாலும் அவவின்ர காலிலையோ பூசவேணும்?"

அந்த நேரம் பார்த்து வெளியே கார் வந்து நின்றது.

பரிசோதகர் மடம் கிளோதில்ட் அறுபது வயதுப் பெண்மணி. நொண்டி நொண்டி நடந்து வந்து, பளபளக்கும் மாதாவையும் ஒரு கறுத்தக் காலையும் அருமைநாதனின் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார். "வாங்கிய நாளிலிருந்தே இப்படித்தான்" என்ற பொய் அருமைநாதனின் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அக்னெஸ் ஒரு கதிரையை இழுத்து வந்து பரிசோதகரின் பின்னால் வைத்தாள்.

"பாவம், மனுசிக்கு முழங்கால் நோகுது. முதலில இருக்கச் சொல்லுங்கோ."

அவர் உட்கார்ந்தார். அந்தக் கதிரைக்குப் பிறகு அருமைநாதனுக்குப் பொய் வரவில்லை. தொழிற்சாலையில் பழகிய தன் பிரெஞ்சில் புளியையும் மையையும் ஒன்று விடாமல் சொன்னார்.

மடம் கோப்பைத் திறந்தார்.

"யார் செய்தது, எந்தப் பொருளால், என்ன காரணம், மூன்றும் எழுத வேண்டும். பொருள்?"

"புளி, மடம்."

"காரணம்?"

அருமைநாதன் மனைவியைப் பார்த்தார். "நாளைக்கு மாதாவின் திருநாள்" என்றார்.

பரிசோதகரின் பேனா கொஞ்சம் நின்றது. "என் அம்மா சாம்பல் போட்டுத் தேய்ப்பார்" என்றார். "களிம்பு தானாகத் திரும்பி வரும், நாற்பது வருடத்தில். நீங்கள் மறைத்திருந்தால் உங்களை நீக்கச் சொல்லி எழுதியிருப்பேன். சொல்லிவிட்டீர்கள். வேலை இருக்கட்டும். புளி சமையலறையோடு நிற்கட்டும்."

அருமைநாதன் நெஞ்சில் சிலுவை போட்டுவிட்டு, நன்றியில் துணியை எடுத்து மையைத் துடைக்கக் குனிந்தார்.

"தொடாதீர்கள், மிஸ்யூ" என்றார் மடம். "மையையும் கோப்பில் எழுதிவிட்டேன். இனி அதற்கும் அனுமதி வேண்டும்."