தண்ணீருக்கு அடியில் அய்யாசாமி

தொண்ணூற்று மூன்றில் எங்கள் கோவில்பதாகை இளைஞர் மன்றத்தார் ஏரிக்கரைச் சுவரில் படம் வரைய ஆரம்பித்தார்கள். ஏரி, மதகு, வயல், அம்மன் தேர் என்று ஊர்ப் பெருமை மொத்தமும் வரும் என்றார்கள். எனக்கும் சந்தோஷம்தான். அம்பத்தூரில் ஷிப்டு முடிந்து வரும்போதெல்லாம் நின்று பார்ப்பேன்.

மூன்றாம் நாள் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மதகின் மேல் சரிகை வேட்டிக்காரர் ஒருவர் இரும்புச் சக்கரத்தைத் திருகித் தண்ணீர் திறந்துகொண்டிருந்தார்.

"இன்னாபா இது? யாரு இவரு?"

வரைந்துகொண்டிருந்த குணசேகரன் பிரஷ்ஷால் மன்றத் தலைவர் மணவாளனைக் காட்டினான். "அண்ணனோட நைனா." ஏரிப் பாசனத்தில் பாதி நிலம் அவர்களுடையது.

"சக்கரம் நேத்து வந்தது. அதுக்கு முன்னாடி எங்கப்பாதான் முங்கி, அடியில மதகு வாய அடைச்சிகினு கீற கட்டையப் புடுங்கி தண்ணி உட்டாரு. ரெண்டு காதும் அதுலதான் போச்சி. அவரு எங்க?"

"தண்ணிக்குள்ள கீறவர எப்புடிக்கா வரையறது? கண்ணுக்கே தெரியமாட்டாரே."

"அப்ப தண்ணிக்குள்ளயே வரை!"

எல்லோரும் மணவாளனைப் பார்த்தார்கள். அவர் சண்டைக்கு வருவார் என்று நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவரோ சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேபி சொல்றது நெஜம்தான். எங்க நைனா கரையில கொடை புடிச்சிகினு நின்னாரு. முட்டி கூட நனைஞ்சதில்ல. அழிச்சிட்டு வரைப்பா."

குணசேகரன் என்னைப் பார்த்தான். "கட்டைய எப்புடிக்கா புடுங்குவாரு?"

அப்பா சொல்லியிருக்கிறார். தெருவிலேயே சுவரோரம் உட்கார்ந்து, இரண்டு காலையும் சுவரில் உதைத்து, பின்னால் சாய்ந்து இழுத்துக் காட்டினேன். பஸ்ஸுக்கு நின்ற ஜனம் சிரித்தது. சிரிக்கட்டும், எனக்கென்ன வெட்கம்?

ஒரே வாரத்தில் முக்கால் சுவர் தண்ணீராகிவிட்டது. நடுவில் அப்பா, கன்னம் உப்ப மூச்சடக்கி, இரண்டு கையாலும் கட்டையை இழுக்கிறார். மேலே கரையில் மணவாளனின் நைனாவுக்கு ஒரு முழம் இடம்தான், குடையோடு சேர்த்து. கீழே கொட்டை எழுத்தில், 'மதகு திறந்தவர் அய்யாசாமி'. எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனியில் இருந்து பத்துப் பேரைக் கூட்டிவந்து காட்டினேன்.

அப்பா போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா குப்பம்மாவையும் அழைத்துவந்தேன். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"அவரு முங்கினா, மேல வர்ற வரைக்கும் நான் கரையில நின்னு வெறும் தண்ணியத்தான் பாத்துகினு இருப்பேன்" என்றாள். "இன்னிக்குதான்டி அவரப் பாக்கறேன்."