லாரியில் ஏறாத சிப்பாய்

அமைதிப்படையோடு இலங்கைக்குப் போயிருந்த அய்யனார், தொண்ணூறாம் வருஷம் பங்குனியில் ஊர் திரும்பினான். சென்னைத் துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கியபோது அவனை வா என்று சொல்ல ஒரு நாதி இல்லை. கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் இறங்கினால், மாலையும் மேளமுமாய்ப் பாதி ஊர் நிற்கிறது. வேறு யாருக்கோ என்று நினைத்து அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"உங்களுக்குத்தாங்க!" என்று அவன் பெண்சாதி சின்னப்பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் இடுப்பிலிருந்த இரண்டு வயது மகள் அவனை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். மீசையைப் பார்த்ததும் வீறிட்டு அழுதாள். மூன்றாம் நாள் அந்த மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டே அவன் தோளில் சவாரி செய்தாள். அவனுக்கு வலித்தது, ஆனாலும் இறக்கிவிடவில்லை.

மேளம் ஏற்பாடு செய்தவர் புளி மண்டி ஆதிமூலம். ஐந்தாம் நாள் காலையில் விஷயத்தை அவிழ்த்தார். மலைமேல் நாவக்கொல்லை என்ற ஊரில் பழைய ஊர்த்தலைவர் இறந்துபோனார். அவர் மகன் மாயவன் ஒரு பக்கம், அவருடைய தம்பி பொன்னுரங்கம் ஒரு பக்கம், அடுத்த தலைவர் நான்தான் என்று நின்றார்கள். அடிதடியில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. பாதையில் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டதால் புளி கீழே இறங்கவில்லை.

"ரெண்டு லாரி, நாப்பது ஆளு ரெடி" என்றார் ஆதிமூலம். "நீ முன்னால நின்னா போதும். மாயவன தலைவரா ஒக்கார வெச்சி, சமாதானம் பண்ணிட்டு சாயங்காலம் எறங்கிடலாம்."

லாரியில் அதற்குள் பாதி ஆள் ஏறிவிட்டிருந்தார்கள். கையில் தடி. முகத்தில் கல்யாணத்துக்குப் போகிற களை.

அய்யனார் மகளைத் தோளிலிருந்து இறக்கி மனைவியிடம் கொடுத்தான்.

"நான் வரலண்ணே."

"இன்னாப்பா, பயமா?"

"பயந்தான். சாயங்காலம் எறங்கிடலாம்னுதான் எங்களுக்கும் சொன்னாங்க. ரெண்டரை வருசம் ஆச்சி. அங்கயும் சமாதானம் பண்ணத்தான் போனோம். நம்ம பாஷை பேசறவங்க, நம்மள போலவே சோறு திங்கறவங்க. மொத மாசம் எங்களுக்கும் மால போட்டாங்க. அப்புறம் நாங்களே சண்டையில ஒரு கட்சி ஆயிட்டோம். எங்கூட போனவங்கள்ல எத்தினியோ பேரு திரும்பல. அவங்க பக்கம் செத்தவங்கள எண்ண எனக்கு மனசு வரல."

லாரியில் ஏறப்போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் விடவில்லை.

"ஒரு ஊர்ல கெணறு வெட்டிக் குடுத்தோம். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டோம். எங்க ஆபீசரு ஒருத்தர பொறுக்கி ஊருக்குப் பெரியவரா வெச்சாரு. நாங்க இருந்த வரைக்கும் அவரு பெரியவரு. நாங்க மூட்ட கட்டுன அன்னிக்கு அவரும் கட்டிட்டாரு. அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா எங்கிட்ட சொல்லிச்சி: 'நீர் நல்ல பிள்ளைதான் தம்பி. கிணற்றுத் தண்ணியும் நல்ல தண்ணிதான். ஆனா எங்கட வீட்டை நாங்கள்தான் நடத்தவேணும். நீர் வீட்ட போம்.' அதவிட நல்ல உத்தரவு எந்த ஆபீசரும் எனக்குப் போட்டதில்ல."

"அப்போ அவனுங்க அடிச்சிக்கினு சாவட்டும்னு பாத்துக்கினு இருக்கணுமா?" ஆதிமூலத்தின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

"யாரு பாத்துக்கினு இருக்கச் சொன்னது? மண்ட ஒடஞ்சி வந்தா, எந்தக் கட்சின்னு கேக்காம ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ. உப்பு, அரிசி ரெண்டு பக்கத்துக்கும் குடு. நடுவுல நின்னு பேச ரெண்டு பேருமே கூப்ட்டா வெறுங்கையோட போ. மாயவன்தான் தலைவருன்னு நீ சொல்லாத. புளி ஒனக்குக் கம்மி வெலைக்கு வரும்னுதான அவன புடிக்குது?"

யாரோ லாரியில் குபீரென்று சிரித்துவிட்டார்கள். சிரிப்பு தொற்றிக்கொண்டது.

"ஒனக்கு மால போட்டதே இதுக்குத்தான்யா!" என்று ஆதிமூலம் கத்த, சிரிப்பு இன்னும் ஜாஸ்தியானது. ஒருவர் பின் ஒருவராக லாரியைவிட்டு இறங்கினார்கள். ஒருவன் தடியைத் தோளில் போட்டுக்கொண்டு, "எங்க வூட்டு எரும கட்ட முளை இல்ல, இத எடுத்துக்கறேன்" என்று நடையைக் கட்டினான்.

ஒரு வாரம் ஆதிமூலம் அய்யனார் முகத்தில் விழிக்கவில்லை. ஆனால் உப்பு மூட்டையும் அரிசி மூட்டையும் மலைக்கு அனுப்பினார், இரண்டு பக்கத்துக்கும்.

லாரி நின்றுபோன பத்தாம் நாள் மலைமேல் மேகம் திரண்டது. உலுக்கிக் குவித்த புளி நனைந்தால் இரண்டு கட்சிக்கும் அந்த வருஷப் பாடு போச்சு. பொன்னுரங்கத்தின் மனைவி பாப்பாத்தி முதலில் அரிவாளை எடுத்துப் பாதையில் வெட்டிப் போட்டிருந்த மரத்தின் கிளையைக் கழித்தாள். எதிர்க்கட்சிப் பெண்கள் தங்கள் அரிவாளோடு வந்து சேர்ந்தார்கள். ஆம்பிளைகள் வெட்கப்பட்டு மரத்தைப் புரட்டினார்கள். அன்றே ஊர் கூடியது. பொன்னுரங்கம் வயசில் மூத்தவர், மூன்று வருஷம் அவர் இருக்கட்டும்; அப்புறம் மாயவன். கீழே இருக்கிற யாருக்கும் தோன்றியிருக்காத தீர்ப்பு அது. மாயவன் முனகினான், ஆனால் ஒத்துக்கொண்டான்.

மழைக்கு முன்னால் தலைச்சுமையாகப் புளி இறங்கியது. கூடவே மண்டிக்கு ஒரு செய்தியும் வந்தது: மலைச்சாமிக்குப் பொங்கல், கச்சிராயபாளையத்தார் எல்லோரும் வரவேண்டும், லாரி வராமல் தடுத்த சிப்பாய் அவசியம் வரவேண்டும்.

"நான் போலாமா?" என்று ஆதிமூலம் அய்யனாரிடமே வந்து கேட்டார்.

"கூப்ட்டிருக்காங்களேண்ணே. வாங்க, போலாம்."

சின்னப்பொண்ணு புதுப்புடவையில் முன்னால் மலை ஏற, மகளைத் தோளில் வைத்துக்கொண்டு அய்யனார் பின்னால் ஏறினான். இரண்டரை வருஷத்தில் இன்னொருத்தர் ஊருக்குள் துப்பாக்கியில்லாமல் அவன் நுழைந்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக் கதவுகள் திறந்தே கிடந்தன. அவனைக் கண்டு குழந்தைகள் ஓடவில்லை. அவன் ஒரு வாசலைப் பார்த்தபடி நின்றுவிட்டான். அதற்குள் பாப்பாத்தி சாமைப் பொங்கலை இலையில் அள்ளி வைத்து, "துன்னுங்க, ஆறிடும்" என்று அதட்டினாள்.

மத்தளம் முழங்கத் தொடங்கியது. மாயவனும் பொன்னுரங்கமும் ஒரே வட்டத்தில், ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு ஆடினார்கள். புளி மண்டி ஆதிமூலத்தையும் யாரோ கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். தாளத்துக்கும் அவர் காலுக்கும் சம்பந்தமே இல்லை. சின்னப்பொண்ணு சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.