பயணியையும் சேர்த்து ஏழு கிலோ

கைப்பெட்டி மட்டும் எடுத்துச்செல்லும் டிக்கெட்டில், பயணியையும் சேர்த்து ஏழு கிலோதான் அனுமதி. அதனால் சிங்கப்பூருக்குக் கிளம்பும்போதெல்லாம் என் கால்களை உறையூர் வீட்டிலேயே விட்டுவிடுவேன். இரண்டு ஊரிலும் சக்கர நாற்காலி தருகிறார்கள். வயிற்றையும் எடுத்துப்போவதில்லை. அந்த விமானத்தில் தண்ணீர்கூடக் கேட்டால்தான் வரும்.

இந்த முறை மகள் பூங்கோதைக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையைத் தூக்க வேண்டுமே என்று இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டேன். அப்புறம் தலை, ஒரு சட்டை, மாத்திரைகள். அசதியை மட்டும் எங்கேயும் இறக்கிவைக்க முடிவதில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினாலும், பெட்டியைத் திறந்தால் மேலாக அதுதான் இருக்கும். அது தனியாக ஒன்றே கால் கிலோ.

என் மனைவி வேதவல்லி என்னையும் பெட்டியையும் கொக்கித் தராசில் மாட்டி நிறுத்தாள். ஆறு கிலோ தொள்ளாயிரம்.

அவளால் வர முடியாது. வீட்டில் இருக்கும் கால்களைத் தினமும் காலையில் நாற்பது நிமிடம் நடக்கவைக்காவிட்டால் எனக்கு அங்கே சர்க்கரை ஏறிவிடும். எந்த முறையும் நானும் வரட்டுமா என்று அவள் கேட்டதில்லை. ஆனால் போன ஒரு வாரமாகக் குழந்தையின் படத்தை போனில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் ஆட்டோ கிளம்பும்போது இடது கையை ஆட்டி வழியனுப்பினாள்.

விமான நிலையக் கவுண்டரில் ஒரு பெண் இருந்தாள். சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். எட்டு மணி நேர ஷிப்டுக்கு அது பாரம்.

“நானூறு கிராம் ஜாஸ்தி சார்.”

“வீட்ல நிறுத்தப்ப சரியா இருந்துச்சேம்மா.”

“எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. நிறுத்ததுக்கு அப்புறம் வீட்டம்மா எதையாவது சொருகியிருப்பாங்க.”

எனக்கு எரிச்சலாக வந்தது. எத்தனை சொன்னாலும் வேதவல்லி கேட்கமாட்டாள். போன தடவை வடகம். இந்தத் தடவை நார்த்தங்காய் ஊறுகாயாக இருக்கும் என்று பெட்டியைத் திறந்தேன்.

சட்டைக்கு அடியில், பழைய வேட்டித் துணியில் சுற்றி, அவளுடைய வலது கை இருந்தது. எடை கூடுமென்று வளையல்களைக் கழற்றியிருந்தாள். குழந்தைக்குக் கீறிவிடக் கூடாதென்று நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள்.

“அத எடுத்துட்டா போதும் சார்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில், நீயும் வா என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

“அது வரட்டும்மா. இத வெச்சுக்கங்க” என்று என் வலது கையைக் கழற்றிக் கொடுத்தேன்.

அவள் அதில் ஒரு அட்டையைக் கட்டினாள். “வீட்லேர்ந்து யாராச்சும் வந்து வாங்கிக்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

சிங்கப்பூரில் பூங்கோதை மூன்று வாரமாகத் தூங்காத முகத்தோடு கதவைத் திறந்தாள். “அம்மா கையாப்பா?” என்று கேட்டுவிட்டு, குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். என் இடது கை கீழே தாங்கியது. வேதவல்லியின் வலது கை குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டது. பூங்கோதை பிறந்தபோது நான் பயந்துபயந்து தூக்குவேன். இந்த முறை பயமில்லை. அந்தக் கை தானாகவே தட்டிக்கொடுத்தது. குழந்தை தூங்கிவிட்டது.

சற்று நேரத்தில் போன் வந்தது. தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

“என்னங்க, பாப்பாவுக்கு உச்சந்தல சில்லுனு இருக்கு. ஏசிய நிறுத்துங்க” என்றாள் வேதவல்லி.

நிறுத்தினேன்.

“உங்க கைய ஏர்போர்ட்டுக்குப் போய் வாங்கிட்டு வந்துட்டேன். ரவா தோசைக்குக் கரைச்சிட்டிருக்கேன்.”

“தெரியுது. தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு. கொஞ்சம் அரிசி மாவு போடு” என்றேன்.

போட்டாள். இன்னும் இரண்டு சுற்றுக் கலக்கியதும் பதமாக இருந்தது.