வௌவால் பத்தியம்

ஜெயசுதாவுக்கு எதையும் சும்மா கேட்டுக்கொண்டு போகத் தெரியாது. பஸ் ஏன் லேட் என்று கண்டக்டரைக் கேட்பாள். அவர் சொன்ன காரணம் சரிதானா என்று இறங்கும்போது டிரைவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவாள். செந்துறையில் அவள் வேலை பார்க்கும் துணிக்கடை முதலாளி, "வர்றவங்க கேக்க வேண்டிய கேள்வியெல்லாம் நீயே கேட்டா நான் எப்படிம்மா யாவாரம் பண்றது?" என்று ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டேவிட்டார். அப்படிப்பட்டவளிடம் போய் அவள் நாத்தனார் பொன்னுத்தாய், வௌவால் சூப் வைத்துக் கொடுத்தால் பிள்ளைக்கு இழுப்பு அடியோடு நின்றுபோகும் என்று சொன்னாள்.

பிள்ளை என்றால் ஜெயசுதாவின் மகள் முத்தமிழ். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். மார்கழிப் பனி இறங்கினாலும் சரி, சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ரோட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு போனாலும் சரி, அவள் நெஞ்சு கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்துவிடும். அரியலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு பம்பு கொடுத்திருந்தார்கள். ஒன்று காலையும் மாலையும் விடாமல் போடுவது. நீல நிறத்தில் இருப்பது மூச்சு முட்டும்போது போடுவது. பம்பைச் செருகி வாயில் வைத்து இழுப்பதற்கு நீளமாக ஒரு பிளாஸ்டிக் குழாயும் உண்டு.

"எந்த ஊரு வவ்வா அண்ணி?" என்று கேட்டாள் ஜெயசுதா.

கேள்வி வேண்டுமென்றேதான். ஊர் எல்லையில் அய்யனார் கோவிலைச் சுற்றியுள்ள இலுப்பை மரங்களில் வௌவால்கள் காய்த்துத் தொங்கும். அத்தனையும் அய்யனார் பிள்ளைகள் என்பது ஊர் நம்பிக்கை. அதுகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட இங்கே வெடி கிடையாது. பையன்கள் பட்டாசைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய் வெடித்துவிட்டு வருவார்கள். அந்த ஊர் வௌவாலைப் பற்றி இங்கே யாருக்கும் கவலை கிடையாது.

"நம்ம ஊரு வவ்வாலத் தொடுவாங்களா, கன்னத்துல போட்டுக்க," என்றாள் பொன்னுத்தாய். "காடை புடிக்கிற சாமிக்கண்ணு ஜெயங்கொண்டம் ரோட்டுல கொய்யாத் தோப்புக்கு வலை கட்டப் போறான்ல? அதுல மாட்டும்."

"ராத்திரியில நம்ம அய்யனார் வவ்வா எல்லாம் எங்க அண்ணி சாப்பிடப் போவுது?"

இத்தனை வருஷத்தில் அதைப் பொன்னுத்தாய் யோசித்ததே இல்லை. "சாமி வவ்வா அவ்வளவு தூரமெல்லாம் போவாது," என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

பொன்னுத்தாயை லேசாக நினைத்துவிட முடியாது. ஜெயசுதாவின் புருஷன் தமிழரசனுக்கு அக்கா. கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் செத்ததும் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். பிள்ளை குட்டி இல்லை. முத்தமிழைக் குளிப்பாட்டுவது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது, ராத்திரி பக்கத்தில் போட்டுத் தூங்கவைப்பது எல்லாம் அவள்தான். ஜெயசுதா காலை பஸ்ஸுக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். அதனால் பொன்னுத்தாய் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிட ஜெயசுதாவுக்கு மனம் வரவில்லை. கேட்டுப் பார்ப்போம் என்று தமிழரசனுக்கு வீடியோ கால் போட்டாள்.

தமிழரசன் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் செஷல்ஸ் தீவில் கொத்தனார். போனில் முகம் தெரிந்ததும் ஜெயசுதா விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரித்தான்.

"இங்க அது விருந்து சாப்பாடுடி. தேங்காப்பால் ஊத்தி, மசாலா போட்டு, நம்மூரு கொழம்பு மாதிரியே வைக்கிறாங்க. பேரே கறிதான்."

"நீங்க தின்னீங்களா?"

"ஒருவாட்டி. பூராவும் முள்ளு முள்ளா எலும்பு. மீன் திங்கிற மாதிரி பாத்துத்தான் திங்கணும். பக்கத்து ரூமுல கப்பல் வேலைக்கு வந்த இந்தோனேசியாக்காரரு ஒருத்தரு இருக்காரு. அவங்க தீவுல சந்தையிலயே அடுக்கி வச்சு விப்பாங்களாம். மொளவாய அள்ளிக் கொட்டி சமைப்பாங்களாம்."

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த பொன்னுத்தாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? ஒலகமே திங்குது."

ஜெயசுதா விடவில்லை. "என்னத்துக்குத் திங்கிறாங்களாம்? இழுப்புக்கா?"

"இழுப்புக்கா? ருசிக்குத்தான்டி. ஆட்டுக்கறிய நாம எதுக்குத் திங்கிறோம்?"

"அப்ப, வழக்கமா திங்கிறவங்க யாருக்காச்சும் அங்க இழுப்பு இருக்கா?"

தமிழரசன் கொஞ்சம் யோசித்தான். அப்புறம் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எங்க பெரிய மேஸ்திரி இந்த ஊருக்காரரு. வாரம் தவறாம வவ்வா கறி இருக்கும் அவரு டிபன் பாக்ஸ்ல. சட்டைப் பையில நம்ம புள்ள வச்சிருக்காளே, அதே நீலப் பம்பு. சாரத்துல ஏறி எறங்குனா எடுத்து இழுத்துக்குவாரு."

"கேட்டீங்களா அண்ணி?" என்று திரும்பினாள் ஜெயசுதா. "வாரா வாரம் தின்ன மனுசனுக்கே நிக்கலையாம்."

"அவங்க கறியாத் திங்கிறாங்க. மருந்தா, பத்தியத்தோட தின்னாத்தான் கேக்கும்," என்றாள் பொன்னுத்தாய். அதோடு பேச்சை விட்டுவிட்டாள். அவள் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. ஜெயசுதா அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தன் கேள்வி ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

தை பிறந்ததும் பெரம்பலூரில் ஜெயசுதாவின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. கூட இருந்து பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஒரு வாரத்துக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது, "பம்ப மறந்துடாதீங்க அண்ணி. அவளுக்கே எல்லாம் தெரியும், அவளே போட்டுக்குவா," என்று சொன்னாள். பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. பொன்னுத்தாய் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒரு வாரம் கழித்து ஜெயசுதா திரும்பி வந்தது மத்தியான வேளை. பள்ளிக்கூடம் லீவு. முத்தமிழ் வாசலில் கோலப்பொடி டப்பாவைக் கவிழ்த்து விளையாடிக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் வாடியிருந்தது, ஆனால் இழுப்பு இல்லை. பொன்னுத்தாய் உள்ளேயிருந்து வந்தாள். அவள் முகத்தில் ஒரு பெருமை. இடது கை ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது.

"என்ன அண்ணி கையில?"

"அருவாமனை கிழிச்சிருச்சு. அத வுடு, புள்ளயப் பாரு. நாலு நாளா கீச்சுங்கல."

ஜெயசுதா பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. வாசலோடு ஒரு லாரி போனது, அதன் பின்னால் இன்னொன்று. வெள்ளைப் புழுதி மேலே கிளம்பி வாசலுக்குள் வந்தது. முத்தமிழ் இருமினாள். மறுபடி இருமினாள். இருமல் நிற்கவில்லை. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. "அம்மா" என்று சொல்ல வாயெடுத்தாள், பாதிதான் வந்தது.

ஜெயசுதா அலமாரிக்கு ஓடினாள். வழக்கமாக இருக்கும் இடத்தில் பம்பு இல்லை. பள்ளிக்கூடப் பையைக் கொட்டினாள். அதிலும் இல்லை. "பம்பு எங்க? அண்ணி, பம்பு எங்க?"

பொன்னுத்தாய் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அண்ணி!"

அந்தச் சத்தத்தில்தான் பொன்னுத்தாய்க்கு உணர்வு வந்தது. அடுக்களைக்குள் ஓடி, அரிசி டின்னுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, துணியில் முடிந்த பம்பு இரண்டையும் குழாயையும் எடுத்து வந்தாள். "பத்தியத்துல இங்கிலீஸ் மருந்து சேரக்கூடாதுன்னு..." என்றவள், அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள்.

ஜெயசுதா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நீலப் பம்பைக் குழாயில் செருகி அழுத்தினாள், மூச்சை இழுக்கச் சொன்னாள், மறுபடி அழுத்தினாள். கொஞ்சம் இறங்கியது, முழுசாக இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக் கண்ணையன் ஆட்டோவை எடுத்தார். அரியலூர் போகும் வரைக்கும் ஜெயசுதா பிள்ளையின் உதட்டு நிறத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் வாயில் வருவதைத் திருப்பி எடுக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் மூடி மாட்டி மருந்துப் புகை வைத்தார்கள். மெதுவாகப் பிள்ளையின் தோள் இறங்கியது, கண்ணில் உயிர் வந்தது. அதன் பிறகுதான் ஜெயசுதா உட்கார்ந்தாள்.

டாக்டர் பிரவீணா சின்ன வயசுப் பெண். "பம்பு ஒழுங்கா போட்டீங்களா?" என்று கேட்டதும் ஜெயசுதா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வௌவால் என்ற வார்த்தை வந்ததும் டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"யாரு அறுத்தது?"

"சாமிக்கண்ணு," என்றாள் பொன்னுத்தாய், சுவரைப் பார்த்தபடி. "சுத்தம் பண்ணித்தான் குடுத்தான்."

ஜெயசுதாவுக்கு அது சரியாகப் படவில்லை. சாமிக்கண்ணு சாக்கில் போட்டு உயிரோடு கொடுப்பவன், அறுக்கிற சோலியே வைத்துக்கொள்ள மாட்டான். காடை கேட்டாலும் அப்படித்தான். அவள் எட்டிப் பொன்னுத்தாயின் கையைப் பிடித்துத் துணியைப் பிரித்தாள். அருவாமனை கிழித்தால் ஒரு கோடுதான் இருக்கும். இங்கே புள்ளி புள்ளியாகப் பல் பதிந்திருந்தது.

"இது அருவாமனையா அண்ணி?"

பொன்னுத்தாய் டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டாள். "கேசு போடுவாங்கன்னு சொன்னான்மா. அதான் சொல்லல."

"வௌவாலப் புடிக்கிறது தப்புதான். அத அப்புறம் பேசிக்கலாம். இப்ப எனக்கு உங்க கைதாம்மா முக்கியம்," என்றார் டாக்டர். "நல்லா வெந்த கறியில அவ்வளவு பயமில்ல. உயிரோட புடிக்கிறப்ப கடிக்குது பாருங்க, அறுக்குறப்ப ரத்தம் படுது பாருங்க, அதுலதான் ஆபத்து. கேரளாவுல நிபா காய்ச்சல் வந்துச்சே, அது பழந்தின்னி வௌவால்கிட்டருந்து வர்ற கிருமி. நாய்க்கடில வர்ற வெறிநோயும் வௌவால் கடிச்சு வரலாம். நம்ம பக்கம் அபூர்வம்தான். ஆனா வந்துட்டா காப்பாத்த முடியாது. நாய்க்கடிக்குப் போடுற ஊசி இன்னிக்கே போட்டுடலாம். மூணு வாரத்துக்குக் காய்ச்சல், தலைவலி எது வந்தாலும் ஓடி வரணும். எத்தனை பேரு சாப்பிட்டீங்க?"

"மொதல்ல நான் மட்டும்," என்றாள் பொன்னுத்தாய். "ரெண்டு வவ்வா குடுத்தான். ஒண்ண நான் தின்னுட்டு ரெண்டு நாள் இருந்து பாத்தேன். எனக்கு ஒண்ணும் பண்ணலன்னுதான் புள்ளைக்குக் குடுத்தேன்."

"ரெண்டு நாள்ல தெரியாதும்மா. கிருமி உள்ள போனா வெளியில காட்டவே ஒரு வாரம், ரெண்டு வாரம் ஆகும்," என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை.

ஜெயசுதா நாத்தனாரையே பார்த்தாள். ஆட்டோவில் அடக்கி வைத்திருந்த கோபம் இன்னும் நெஞ்சில் அப்படியேதான் இருந்தது. ஆனால் பிள்ளைக்குக் கொடுக்குமுன் தன் உடம்பில் பரீட்சை பார்த்தவளை என்ன சொல்லித் திட்டுவது?

ஊசி போட்டு முடிந்து இருவரும் பிள்ளையின் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பொன்னுத்தாய் கடைசி ஓரத்தில், இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"நான்தான் வேணாம்னு சொன்னேனே அண்ணி. அந்த மேஸ்திரி கதையையும் கேட்டீங்க. அப்புறமும் ஏன் குடுத்தீங்க?"

பொன்னுத்தாய் விரலில் போட்ட கட்டை இறுக்கிக்கொண்டாள்.

"கார்த்திகையில ஒருநாள் நீ கடைக்குப் போயிருந்த," என்று ஆரம்பித்தாள். "புள்ளைக்கு இப்படித்தான் வந்துச்சு. அவளே போட்டுக்குவான்னு பாத்தேன். அவளுக்குக் கையே தூக்க முடியல. நான் அந்தப் பம்ப எடுத்து அவ வாயில வச்சு அமுக்குறேன், பூரா வெளியிலயே பொகையாப் போவுது. குழாய எந்தப் பக்கம் மாட்டுறதுன்னு தெரியல. புள்ள என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு சுதா. சாவப் போறான்னு நெனச்சேன். எப்படியோ தானா நின்னுச்சு. ஒங்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு. எம்பொறுப்புல வுட்டுட்டுப் போவ மாட்டியோன்னு. பம்பே வேணாங்குற மாதிரி புள்ளயக் கொணமாக்கிடணும்னு அன்னைக்கு முடிவு பண்ணேன்."

ஜெயசுதா தன்னை நினைத்துப் பார்த்தாள். கண்டக்டரைக் கேட்டவள், டிரைவரைக் கேட்டவள், கடல் தாண்டி மேஸ்திரி வரைக்கும் விசாரித்தவள். பகலெல்லாம் பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பவளிடம், "உங்களுக்கு இதப் போடத் தெரியுமா?" என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

அவள் எழுந்து போய்ப் பிள்ளையின் தலைமாட்டில் இருந்த பம்பையும் குழாயையும் எடுத்து வந்தாள். பெஞ்சில் விட்டிருந்த இடத்தில் நெருக்கி உட்கார்ந்து, குழாயைப் பொன்னுத்தாயின் கட்டுப்போட்ட கையில் வைத்தாள்.

"இந்த ஓட்டையிலதான் பம்பு போவும் அண்ணி. மாட்டுங்க, பாப்போம்."

பொன்னுத்தாய் முதல் தடவை தலைகீழாக மாட்டினாள். ஜெயசுதா அதைக் கழற்றி மறுபடி அவள் கையில் கொடுத்தாள்.