இரண்டு தட்டு, ஒரு தட்டு

எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிடும் என் தோழிக்கு அறுவை சிகிச்சைக் கூடத்தில் வேலை. திறந்த வயிற்றுக்குப் பக்கத்தில் நின்று கத்தரி எடுத்துக் கொடுக்கிறவளுக்கு, திரையில் ஒரு கதவு தானாகத் திறந்தால் உயிர் போய்விடும். அப்படிப்பட்டவளுக்குப் பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம் என்றால் கொள்ளை ஆசை.

எட்டு வருடமாக ஞாயிறு மதியம் அவள் வீட்டில்தான் படம். அவளுடைய அண்ணன் ஜன்னல்களில் போர்வையைத் தொங்கவிட்டு, புரொஜெக்டரைப் போட்டுவிட்டு, பாதிப் படத்தில் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். இருவர் உட்காரும் சோபா எங்கள் இரண்டு பேருக்கு. பயங்கரம் வருவதற்கு முன் நான் அவள் மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டுவேன், கண்ணை மூடிக்கொள்வாள். முடிந்ததும் ஒரு தட்டு, திறப்பாள். "உனக்கு மட்டும் பயமே கிடையாதாடி?" என்பாள். நான் பெரிய மனுஷி மாதிரி சிரித்து வைப்பேன்.

உண்மை என்னவென்றால், நான் அவளைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி. சனிக்கிழமை என் மூக்குக்கண்ணாடிக் கடை அரை நாள்தான். வீட்டுக்கு வந்து, வாசல் கதவை விரியத் திறந்து வைத்து, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து, மறுநாள் படத்தை முழுக்கப் பார்த்து விடுவேன். எந்த நிமிடத்தில் என்ன வரும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மனப்பாடம் செய்வேன். இது சிஸ்டருக்குத் தெரியாது.

எங்கிருந்தோ வந்து சேர்ந்தாள் எக்ஸ்ரேக்காரி. சிஸ்டரின் ஆஸ்பத்திரியில் புதிதாக எக்ஸ்ரே எடுக்க வந்தவள். முதல் வாரமே என் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அக்கா, நீங்க எங்க உக்காருவீங்க?" என்றாள். என்னைவிட இரண்டு வயதுதான் இளையவள். அக்காவாம்! சிஸ்டராவது ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். "நீ கீழ சாஞ்சுக்கோடி, தலகாணி தரேன்" என்றாள். எட்டு வருட சிநேகிதத்துக்கு ஒரு தலையணை. அன்றிலிருந்து சோபாவுக்குக் கீழே உட்கார்ந்து சிஸ்டரின் கால் கட்டைவிரலைத் தட்டும் நிலைக்கு வந்தேன்.

மேலே இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள். ஆஸ்பத்திரிக் கதையாகப் பேசிச் சிரிப்பார்கள். டாக்டருக்கு அவர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர்கூட எனக்குத் தெரியாது.

நான்காவது வாரம் எக்ஸ்ரேக்காரி ஒரு படம் கொண்டு வருவதாக முன்கூட்டியே பெயரைச் சொல்லியிருந்தாள். பாழடைந்த விடுதி, பூட்டிய அலமாரி. வழக்கம்போல முந்தைய நாளே பார்த்துவிட்டேன். ஐம்பத்திரண்டாவது நிமிடம் அலமாரிக்குள்ளிருந்து அந்த முகம் வரும். அதைச் சத்தமில்லாமல் பார்த்ததற்கே எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் அந்தக் கெட்ட புத்தி வந்தது. சிஸ்டர் அந்த முகத்தைப் பார்த்து ஆடிப்போனால், படம் கொண்டு வந்தவள் மேல்தானே கோபம் திரும்பும்?

ஐம்பத்தோராவது நிமிடம் இரண்டு தட்டு தட்டினேன். சிஸ்டர் கண்ணை மூடினாள். அலமாரிக் கதவு அசைந்தது. முகம் வருகிற நேரம் பார்த்து ஒரு தட்டு தட்டினேன்.

அவள் போட்ட அலறலில் அண்ணன் குறட்டையை விட்டு எழுந்து "யாரு? யாரு?" என்றார். சிஸ்டர் எக்ஸ்ரேக்காரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். வந்தது சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வர இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"அண்ணா, அத இன்னொரு தடவ போடு! எட்டு வருஷமா இதையெல்லாம் பாக்காமலேயே விட்டிருக்கேனே!"

எக்ஸ்ரேக்காரி மட்டும் சிரிப்புக்கு நடுவே குனிந்து, சிஸ்டரின் காலருகே இருந்த என் விரலை ஒரு கணம் பார்த்தாள்.

கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் வந்தாள்.

"கை தவறிடுச்சாடி?"

"ஆமா."

"நல்லதாப் போச்சு. இனிமே தட்ட வேணாம். ஆமா, எல்லாத்தையும் எப்படித்தான் முன்னாடியே கண்டுபிடிக்கிறியோ! அடுத்த வாரம் என்ன படம்னு சொல்லப் போறதில்ல. எல்லாரும் சேந்து பயப்படலாம்."

அடுத்த ஞாயிறு, வாழ்க்கையில் முதல்முறையாக, என்ன வரப்போகிறது என்று தெரியாமல், இருட்டில், முழுச் சத்தத்தோடு பேய்ப்படம் பார்க்க உட்கார்ந்தேன். கிணற்றடியில் ஒரு பெண் குனிந்து நின்றிருந்தாள். முடி முகத்தை மறைத்திருந்தது. இசை மெல்ல ஏறியது. எழுந்து ஓடினால் மானம் போகும். உட்கார்ந்தால் உயிர் போகும்.

தோளில் இரண்டு தட்டு விழுந்தது. சட்டென்று கண்ணை மூடிக்கொண்டேன்.

காதருகே எக்ஸ்ரேக்காரியின் குரல். "நான் கொண்டு வந்த படம்தானே. நேத்தே பாத்துட்டேன்க்கா. நான் சொல்றப்போ தொறங்க."

என் சோபா போனது, சிநேகிதி போனாள், இப்போது என் சனிக்கிழமையும் போனது. அவள் மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. ஆனாலும் கண்ணைத் திறக்கத் தைரியம் இல்லை. யாரோ வீறிட்டார்கள். திரையிலா, சோபாவிலா என்று தெரியவில்லை.

பிறகு தோளில் ஒரு தட்டு விழுந்தது. போன வாரம் என் விரலைப் பார்த்தவள் தட்டிய தட்டு.

நான் கண்ணைத் திறக்கவில்லை.